பொம்மையின் கழுத்து

ஏப்ரல் 27
வேலூரில் பிரசவத்துக்குத் தயாராகும் வகுப்பு. கர்ப்பிணிகள் 11 பேர், ஆண்கள் 3 பேர். மனைவி இல்லாமல் வந்தவன் நான் ஒருவன்தான். வளைகாப்பு முடிந்து அவள் குடியாத்தம் போய் 9 நாள் ஆகிறது. "நீங்க மட்டுமா?" என்றார் சிஸ்டர். நோட்டில் எழுதிக்கொண்டு போய் போனில் சொல்லிவிடுவேன் என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

பொம்மையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். தலை பின்பக்கம் தொங்கிவிட்டது. "அப்பா, கழுத்து!" என்றார் சிஸ்டர். என்னை இதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஏப்ரல் 28
தலையணையில் பழகிப் பார்த்தேன். தலையணைக்குக் கழுத்து இல்லை.

மே 2
சாப்பிட்டதும் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து அசைவை எண்ண வேண்டும். 2 மணி நேரத்துக்குள் 10 வந்துவிட வேண்டும், வராவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதை அவளுக்குச் சொன்னவன் நான்தான். 3 மணிக்கு "7" என்று செய்தி வந்தது. அப்புறம் ஒன்றுமே இல்லை. நான்கு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. தோல் வெட்டுகிற மேசை முன்னால் போனைப் பிடித்தபடி நிற்கிறேன், சூப்பர்வைசர் என்னையே பார்க்கிறார். ஐந்தாவது தடவை அத்தை எடுத்தார். "எண்ணிக்கினே தூங்கிட்டா மாப்ளே." எழுப்பச் சொன்னேன். எழுந்து தண்ணீர் குடித்த கால் மணி நேரத்தில் மூன்று அசைவு. கையெல்லாம் வேர்வை.

மே 4
இன்று அக்னி நட்சத்திரம் ஆரம்பம். வகுப்பில் சீம்பால். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், முதல் நாள் குழந்தைக்கு ஒரு தடவைக்கு ஒரு டீஸ்பூன் பால் போதும், ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம். பிறந்ததும் நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைக்கிற சேனை கூடவே கூடாது. ஒரு வயது ஆகும்வரை தேன் ஆகாது, அதில் இருக்கும் கிருமி விஷமாகிவிடும்.

வீட்டில் அம்மா வெள்ளிச் சங்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சேனை வைத்தது பெரியப்பாவாம், அதனால்தான் எனக்கு அவர் வாய் சாமர்த்தியமாம். அந்தச் சாமர்த்தியம் இப்போது எங்கே போனது? சங்கு பளபளவென்று இருக்கிறது, ஒரு வார்த்தை சொல்ல வரவில்லை. சரி, சிஸ்டரே போனில் பேசட்டும் என்று பார்த்தால், அம்மா வெள்ளை உடுப்புக்காரர் யாரையும் நம்பமாட்டார். அவள் சொன்னால் மாமியார் மருமகள் சண்டையாகும். நான்தான் சொல்ல வேண்டும். நாளைக்கு.

மே 5
சொல்லவில்லை.

மே 11
பனிக்குடம் உடைந்தால் வலிக்காகக் காத்திருக்கக் கூடாது. வலி 5 நிமிடத்துக்கு ஒரு முறை என்று ஒழுங்காக வந்தால் கிளம்பிவிட வேண்டும். பிரசவ அறைக்குள் பெண் துணை மட்டும்தான், கணவருக்கு இடமில்லை. அப்புறம் எதற்கு எனக்கு மூச்சுப் பயிற்சி?

சி.எம்.சி. ஆஸ்பத்திரியை உருவாக்கிய டாக்டர் ஐடா ஸ்கடரின் கதையைச் சிஸ்டர் சொன்னார். வேலூரில் யாருக்குத் தெரியாது! திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவர்கள் வந்தார்கள். ஆண் டாக்டர் வேண்டாம், நீங்களே வாருங்கள் என்று டாக்டர் படிப்பு இல்லாத அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அப்புறம் அவர் டாக்டருக்குப் படித்தது, 1900இல் இங்கே சின்ன கிளினிக் ஆரம்பித்தது, 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி எல்லாம் சொன்னார். எனக்கு அந்த மூன்று ஆண்கள்தான் கண்ணுக்குள் நிற்கிறார்கள். வாசலில் நின்று கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்களே, வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பார்கள்?

பொம்மையை இன்று சரியாகத்தான் பிடித்தேன். யாரும் பார்க்கவில்லை.

மே 14
வைகாசி 1. குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அம்மன் தலை ஊர்வலம். ஊரே தெருவில் நிற்கும், 108 எப்படி நுழையும்? அட்டையில் ஜூன் 3 என்றுதான் இருக்கிறது, ஆனாலும். லத்தேரி, காட்பாடி வழியாக வந்தால் மேம்பாலத்தில் மாட்டிக்கொள்ளும். பள்ளிகொண்டா சுற்றி வரலாம். எப்படி வந்தாலும் 30 கிலோமீட்டருக்கு மேல். இரவு அவள் போன் செய்து, மாடியிலிருந்தே சிரசைப் பார்த்துக் கும்பிட்டேன் என்றாள். சந்தோஷமாக இருந்தாள். நான் மேம்பாலத்தைப் பற்றிக் கேட்டேன்.

மே 15
அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சங்கைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். இரண்டு நாள் பேசமாட்டார்.

மே 17
10 அசைவு, 40 நிமிடத்தில்.

மே 18
கடைசி வகுப்பு. குளிப்பாட்டல், தடுப்பூசி. பொம்மையைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

மே 19, விடியற்காலை 2.40
அத்தை போன். இடுப்பு வலியாம், சூட்டு வலியா என்று பார்க்கச் சீரகத் தண்ணீர் காய்ச்சுகிறாராம். எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை என்றேன். "அதையெல்லாம் யாரு பாத்தாங்க மாப்ளே."

2.55
அவளே பேசினாள். 8 நிமிடம். அப்புறம் 7. பள்ளிகொண்டா வழியாகவே போகிறேன், வண்டிச்