ஒழுங்கையை மறிக்க நாங்கள் எடுத்த அனுமதி

2025ஆம் ஆண்டு சித்திரை விளையாட்டு விழாவை மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் ஒழுங்கையிலேயே வைப்பது என்று முடிவானதும், அனுமதி எடுக்கும் பொறுப்பை நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன். முன்பெல்லாம் இரண்டு வாங்குகளைக் குறுக்கே போட்டு வழியை மறித்துவிடுவோம். ஒருமுறை காய்ச்சல்காரக் குழந்தையோடு வந்த ஓட்டோ அந்த வாங்குகளுக்கு முன்னால் நின்று ஹோர்ன் அடித்திருக்கிறது. பாட்டுச் சத்தத்தில் எங்களில் ஒருவருக்கும் கேட்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு பதைக்கிறது.

முதலில் வீதி யாருடையது என்று பார்க்க வேண்டும். கல்லடிப் பாலத்தைக் கடந்து கல்முனைப் பக்கம் போகும் பிரதான வீதி ஏ4. அது வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. அதிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் எங்கள் ஒழுங்கை மாநகர சபையினுடையது. ஆகவே மாநகர ஆணையாளருக்கு ஒரு கடிதம், பொலிஸ் பொறுப்பதிகாரிக்கு ஒரு கடிதம், இரண்டின் பிரதியும் கிராம உத்தியோகத்தருக்கு. ஒலிபெருக்கிக்குப் பொலிஸிடம் தனி அனுமதிப் பத்திரம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007இல் பணித்தது. நாங்கள் மாலை 6.30 வரைதான் கேட்டோம். மே 6 உள்ளூராட்சித் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்ததால், எந்த வேட்பாளரும் மேடை ஏறமாட்டார் என்றும் கடிதத்தில் ஒரு வரி சேர்த்தேன்.

கடிதம் எழுத ஒரு மணி நேரம் போதும். கையெழுத்துத் தாளோடு வீடு வீடாக ஏறி இறங்கத்தான் மூன்று மாலைகள் பிடித்தன. அந்த மூன்று மாலைகளையும் நான் பெரிதாக மதிக்கிறேன். நாங்கள் முதலில் வைத்த நாள் ஏப்ரல் 19, சனிக்கிழமை. இரண்டாவது வீட்டு மாமி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, முதல்நாள் பெரிய வெள்ளி. சனி இரவு எங்களுக்குக் கோயிலில் திருவிழிப்பு. அந்த நாளில் பாட்டுப் போடுவீர்களா?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றிரவே நாளை 26க்கு மாற்றினோம். ஒழுங்கையின் கடைசி வீட்டு ஐயாவைச் சனிக்கிழமைகளில் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். பின்னேரம் நான்கு மணியளவில்தான் திரும்புவார். இருபது வருடம் பக்கத்தில் இருந்தும் எனக்கு அது தெரியாது. அவருடைய மகள் கையெழுத்து வைக்காமல் பேனாவைப் பிடித்தபடியே நின்றார். "அக்கா, அப்பாவின் வாகனத்துக்கு வழி இல்லாமல் விழா இல்லை" என்று சொன்ன பிறகுதான் வைத்தார்.

ஓர் அலுவலகத்தில் எங்கள் கடிதம் காணாமல் போனது. நான்கு நாட்கள் கழித்துப் போனபோது அப்படி ஒன்று வரவே இல்லை என்றார்கள். கொடுத்த அன்றே பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைத்திருந்ததால் மறுபேச்சு இல்லாமல் வேலை நடந்தது. முத்திரை இல்லாமல் ஒரு கடிதத்தையும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

பொலிஸில் பேசிய அதிகாரி எங்கள் வரைபடத்தை மேசையில் விரித்து, வழுக்குமரம் நட வேண்டிய இடத்தில் விரலை வைத்தார். "அம்புலன்ஸ் வந்தால் இந்த மரத்தை யார் பிடுங்குவது?" அதற்கு எங்களிடம் பதில் இல்லை. வீதியைக் கிண்டுவதற்கு மாநகர சபையிடம் வேறாக அனுமதி கேட்க வேண்டும் என்பதும் அப்போதுதான் உறைத்தது. மரத்தை ஒருவரின் வெறும் வளவுக்கு மாற்றினோம். ஓடு சிதறும் என்பதால், தேங்காயோடு தேங்காயை மோதி உடைக்கும் போர்த்தேங்காயையும் அங்கேயே கொண்டுபோனோம். ஒழுங்கையில் மிஞ்சியவை கயிறு இழுத்தல், முட்டி உடைத்தல், கிடுகு பின்னுதல். எல்லாம் ஒரு நிமிடத்தில் ஒதுக்கக்கூடியவை. வாங்குகளுக்குப் பதிலாக இரண்டு முனையிலும் சிவப்புத் துணி கட்டிய கயிறு. ஒவ்வொன்றுக்கும் விசிலோடு இரண்டு பெடியன்கள்.

26ஆம் திகதி நான்கு மணி கடந்து விசில் கேட்டது. அப்போது கயிறு இழுத்தல் உச்சத்தில் இருந்தது. இரண்டு பக்கமும் வடத்தைக் கீழே போட்டுவிட்டு மதிலோரம் ஒதுங்கின. அறிவிப்பாளர் பாட்டை நிறுத்தினார். ஐயாவின் வாகனம் மெல்ல உருண்டு போனது. பின் இருக்கையில் சாய்ந்திருந்தவர் கண்ணாடியை இறக்கி, கீழே கிடந்த வடத்தைப் பார்த்து, "எந்தப் பக்கம் வெல்கிறது?" என்று கேட்டார்.

இந்த வருடம் அடுத்த ஒழுங்கைப் பிள்ளைகள் எங்கள் கடிதங்களைக் கேட்டு வந்தார்கள். வரைபடம் உட்பட எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்துக் கொடுத்தேன். கையெழுத்துத் தாளில் மட்டும் பெயர்கள் இல்லாத வெறும் கோடுகளைப் போட்டுக் கொடுத்தேன்.