ரத்தம் வரலையே

கிளினிக் கவுண்டரில் எனக்கு வயிற்றைக் கலக்குகிற வார்த்தை, "ரத்தமே வரலையே" என்பதுதான். பூனை வாயிலிருந்து பிடுங்கிய பட்ஜி என்ற சின்னக் கிளியைக் கைத்துண்டில் சுற்றிக்கொண்டு வருபவர்கள் அதை நிம்மதியாகச் சொல்வார்கள். சிலர் ரத்தம் வராததால் வரவே மாட்டார்கள். மறுநாள் போன் வரும், கிளி தீனி எடுக்கவில்லை என்று.

பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் ஒரு வெட் கிளினிக்கில் (மிருக வைத்தியசாலையில்) உதவியாளராக இருக்கிறேன். பறவை பார்க்கும் டாக்டர் எல்லா கிளினிக்கிலும் இருப்பதில்லை; எங்களிடம் ஒருவர் இருப்பதால் தீவு முழுவதிலிருந்தும் கூண்டுகள் வரும். அவர் பூனை கடித்த பறவைக்குக் காயத்தைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். அன்றே ஆன்டிபயாடிக். பூனை வாயில் பாஸ்டுரெல்லா என்ற கிருமி இயல்பாகவே குடியிருக்கிறது. பூனையை அது ஒன்றும் செய்வதில்லை. ஆனால் இறகுக்கு அடியில் கண்ணுக்கே தெரியாத ஒரு பல் குத்து போதும், ஓரிரு நாளில் பறவையின் ரத்தம் முழுக்கப் பரவிவிடும். அதற்குள் கிளியைப் பார்த்தும் ஒன்றும் புரியாது. நோயை மறைப்பது பறவைகளின் பழக்கம். அது ஓய்ந்து உட்கார்ந்துவிட்டது என்றால் வியாதி முற்றியிருக்கும்.

ரத்தம் வந்தால் கதை வேறு. பட்ஜியின் எடை 35 கிராம் அளவுதான், உடம்பில் ஓடும் ரத்தம் ஒரு டீஸ்பூனைத் தொடாது. நாலு சொட்டு என்பது அதற்குச் சின்ன விஷயமில்லை.

துண்டில் சுற்றுவதிலும் ஒரு சிக்கல். மூச்சிழுக்க உதவும் உதரவிதானம் என்ற தசை பறவைக்கு நம்மைப் போலக் கிடையாது. நெஞ்சுக்கூடு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. பாசத்தில் இறுக்கிப் பிடித்தாலே மூச்சு நின்றுவிடும். தண்ணீர் புகட்டவும் வேண்டாம். துளை போட்ட சப்பாத்துப் பெட்டி, உள்ளே மெல்லிய துணி, இருட்டு, கொஞ்சம் வெதுவெதுப்பு. அப்படியே வண்டியில் ஏறிவிட வேண்டும்.

கடித்தது யார் என்று கேட்டால் எல்லோரும் தெருப்பூனையைத்தான் சொல்கிறார்கள். வீட்டுப்பூனை என்றால் "எங்க மிமி ஒன்னும் செய்யாது மா, ரெண்டும் சேர்ந்தே வளர்ந்ததுங்க" என்பார்கள். சேர்ந்து வளர்ந்தது உண்மைதான். ஆனால் கிளி சடாரென்று சிறகடித்த நொடியில் மிமியின் கை முந்திவிடும், நம் கை பின்னால்தான் போகும். கிளியும் பூனையும் கட்டிக்கொண்டு தூங்கும் வீடியோக்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு.

அஞ்சடியில், அதாவது வீட்டு முன்புற நடையில், கொக்கி மாட்டிக் கூண்டைத் தொங்கவிடுவது நம் ஊர் வழக்கம். பக்கத்தில் ஜன்னல் கிரில் இருந்தால் பூனைக்கு அது ஏணி. கீழே சிந்தும் தினைக்கு எலி வரும், எலியைத் தேடித் தெருப்பூனை வரும். கூண்டை உயர்த்துவதைவிடத் தினமும் தரையைக் கூட்டுவது சில வீடுகளில் அதிகப் பலன் தருகிறது. எலி வந்தால் வீட்டு நாய்க்கும் எலிக்காய்ச்சல் ஆபத்துதான்.

நாய் கடிக்க வேண்டும் என்றில்லை, விளையாட்டாக ஒரு கால் வைத்தாலே போதும். ஜேக் ரஸ்ஸல் மாதிரி, வேட்டைக்கென்றே உருவாக்கிய இனங்களிடம் கவனம் இரண்டு மடங்கு வேண்டும். தீபாவளி வெடிக்கு மிரண்டு ஓடும் நாய் கூண்டையே கவிழ்த்துவிடும். காக்கடீல் என்ற கொண்டைக் கிளியோ இருட்டில் மிரண்டு கம்பியில் மோதிச் சிறகை முறித்துக்கொள்ளும். இரவில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். பெரிய கிளிகள் விஷயத்தில் நிலைமை தலைகீழ். ஆப்பிரிக்க கிரே கடித்து மூக்கு கிழிந்த நாய்க்கு நான் கட்டுப் போட உதவியிருக்கிறேன்.

இப்போது பதிவு செய்யும்போதே, வீட்டில் வேறு என்ன வளர்க்கிறீர்கள் என்று கேட்டுவிடுகிறேன். கிளியை வெளியே விடும் நேரத்தில் பூனையும் நாயும் மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்றால் தலையாட்டுவார்கள். சீலிங் ஃபேனையும் நிறுத்துங்கள் என்றால்தான் முகம் மாறும். பினாங்கு வெயிலில் கதவையும் சாத்தி ஃபேனையும் நிறுத்தினால் யார் உட்காருவது? ஒரு அங்கிள் அந்த அறைக்கு ஏர்கோன் போட்டுவிட்டார். பில் வரும்போது கிளியின் பேரைச் சொல்லித் தப்பிக்கிறாராம். அவர் மனைவிதான் சொன்னார்.