தலையணை உறைக்குள் இருந்த தோசை

வளர்ப்புப் பராமரிப்புக்கு விண்ணப்பித்தபோது, இது தத்தெடுப்பு அல்ல என்பதைத்தான் உறவினர்களுக்கு முதலில் விளக்க வேண்டியிருந்தது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, குழந்தைகள் நலக் குழு ஆணையிட்டு ஒரு பிள்ளையைக் குறிப்பிட்ட காலத்துக்கு நம்மிடம் ஒப்படைக்கிறது. பெற்ற தாயின் உறவு அறுந்துவிடுவதில்லை. குழந்தைகள் பாதுகாப்புக்கான அரசுத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு என்பதால், பணத்துக்காகவா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். மருத்துவச் சான்று, காவல்துறைச் சரிபார்ப்பு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் இல்ல ஆய்வு ஆகியவை பொறுமை இருந்தால் முடிந்துவிடும்.

எட்டு வயதுச் சிறுமி எங்கள் வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் காலையில், அவள் கட்டிலை நோக்கி எறும்புச் சாரை ஒன்று போய்க்கொண்டிருந்தது. தலையணை உறைக்குள் நோட்டுத்தாளில் மடித்த பாதித் தோசை காய்ந்து விறைத்துக் கிடந்தது. "பசித்தால் கேட்கக் கூடாதா கண்ணு?" என்று சற்றே குரல் உயர்த்தினேன். அவள் இரண்டு கைகளாலும் தலையை மறைத்துக்கொண்டு சுவரோடு ஒண்டிவிட்டாள். அவளை நான் தொடக்கூட இல்லை.

"இது திருட்டு இல்லைம்மா. நாளைக்கும் சோறு கிடைக்கும் என்பது அவள் உடம்புக்கு இன்னும் தெரியவில்லை" என்றார் அவளுக்கு மனநல ஆலோசனை தரும் ஆற்றுப்படுத்துநர். அன்று மாலையே, அவள் கைக்கு எட்டும் அலமாரித் தட்டில் பொரியும் கடலைமிட்டாயும் நிரம்பிய டப்பா ஒன்றை வைத்து, யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னோம். என் கணவர் அவளிடம் பேசும்போதெல்லாம் தரையில் உட்கார்ந்தே பேசினார். விருந்தினர் வருவதாக இருந்தால் முதல் நாளே அவளிடம் சொல்லிவிடுவோம். "ரெண்டு போட்டால் சரியாகிவிடும்" என்ற என் மாமியாரிடம், அடி வாங்கிய பிள்ளைக்கு அடியால் எதுவும் சரியாகாது என்று நான் உறுதியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

தாயைச் சந்தித்து வந்த ஒவ்வொரு முறையும் இரண்டு இரவுகள் படுக்கை நனைந்தது. சந்திப்பை நிறுத்தச் சொல்லிக் கேட்கலாமா என்றுகூட நினைத்தேன். அது பெரும் தவறாகியிருக்கும். தாயைப் பிரிந்த ஏக்கத்துக்கு, தாயை இன்னும் தூரமாக்குவது மருந்தாகாது. அந்த இரவுகளில் ஒன்றும் கேட்காமல் விரிப்பை மாற்றிவிட்டு, அவள் தூங்கும்வரை பக்கத்தில் இருந்தேன்.

இப்போது ஏழு மாதங்கள் ஆகின்றன. தலையணை உறையில் எதுவும் இருப்பதில்லை. ஆனாலும் படுக்கப் போகுமுன் டப்பாவை ஒருமுறை திறந்து பார்க்கிறாள் என்பதால், அதைக் காலியாக விடுவதில்லை.