எடைத் திரை நின்றுபோன வாரம்

ஜூன் 18, கடலூர் முதுநகர்

தடைக்காலம் முடிந்து நான்கு நாள்தான் ஆகிறது. மீன் கொள்முதல் கூடத்தில், எடையைச் சர்வருக்கு அனுப்பிப் பதிய நான் எழுதிய நிரலின் எடைத் திரை இன்றும் நின்றுவிட்டது. தராசில் சங்கராக் கூடை. ஐஸ் உருகி சிமெண்ட் தரையில் ஓடுகிறது. கணக்கு எழுதும் அக்கா காத்திராமல் நோட்டில் பென்சிலால் எடையைக் குறித்துக்கொண்டார்.

“தம்பி, கூட்டமாக இருக்கும்போது இது நிற்பதில்லை. படகு வராமல் சும்மா இருந்துவிட்டு அடுத்த கூடையை வைத்தால்தான் நிற்கிறது. பிறகு கால் மணி நேரம் அசையாது.”

இரண்டு நாளாகச் சர்வரைக் குடைந்தவன் நான். விஷயம் அக்காவிடம் இருந்திருக்கிறது.

ஜூன் 19, புதுச்சேரி

நின்றுபோன கோரிக்கை சர்வருக்கு வந்த சுவடே இல்லை. கூடத்துக் கணினியிலிருந்து போகும் தரவுத் துண்டுகளை, அதாவது பாக்கெட்டுகளை, பிடித்துப் பார்த்தேன். ஒரே பாக்கெட்டை 0.2, 0.4, 0.8, 1.6 விநாடி என இடைவெளியை இரட்டித்து இரட்டித்து அனுப்புகிறது. பதிலே இல்லை. ஐந்து நிமிடம் பேச்சில்லாத இணைப்பைக் கூடத்து ரூட்டர் தன் அட்டவணையிலிருந்து நீக்கிவிடுகிறது; இரு முனைகளுக்கும் சொல்வதில்லை. இரண்டுமே இணைப்பு உயிரோடு இருப்பதாக நம்புகின்றன. கணினியின் இயங்குதளமான லினக்ஸ் இயல்பாக 15 முறை மறுபடி அனுப்பிப் பார்த்து, சுமார் 924 விநாடி கழித்தே கைவிடும். அக்காவின் கால் மணி நேரம்!

ஜூன் 20

கூடத்து நிரலும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறை ஜிஆர்பிசி; அதில் பதிலுக்குக் காலக்கெடு நாம் வைத்தால்தான் உண்டு. நான் வைக்கவில்லை, தவறு என்னுடையது. 5 விநாடி வைத்தேன். அது மட்டும் போதாது, செத்த இணைப்பிலேயே அடுத்த கோரிக்கையும் போய் விழும். ரூட்டர் இணைப்பை நீக்காதிருக்க, கோரிக்கை இல்லாத வேளையிலும் ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் சிறு செய்தி, அதாவது பிங், நிமிடத்துக்கு ஒன்று போகச் செய்தேன். மதியத்துக்குள் சர்வரே இணைப்பை முறித்தது: பிங் அதிகமாம். ஐந்து நிமிடத்துக்குக் குறைந்த இடைவெளியை இயல்பில் அது பொறுக்காது. அங்கும் தளர்த்தினேன்.

ஜூன் 21

இன்று வேறொரு பயம். கெடு தாண்டிய கோரிக்கை சர்வரில் பதிவாகியே இருக்கலாம்; பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். மறுபடி அனுப்பினால் ஒரே கூடைக்கு இரண்டு எடை, மீனவர் கணக்கில் பிசகு. ஒவ்வொரு எடைக்கும் கூடத்திலேயே தனி எண் கொடுத்தேன். அதே எண் மீண்டும் வந்தால் சர்வர் புதிதாக எழுதாமல் பழைய பதிலையே தரும். நாள் முழுவதும் இதற்கே போனது. போகட்டும், இது பிறர் உழைப்பின் கணக்கு.

ஜூன் 22, முதுநகர்

4.40க்கு ஒரு படகு, அடுத்தது 5.25க்கு. முக்கால் மணி நேரம் கழித்துக் கானாங்கெளுத்திக் கூடை தராசில் ஏறியது. 31.4 கிலோ. கூடையிலிருந்து கை எடுப்பதற்குள் பதிவாகிவிட்டது. அக்கா திரையைப் பார்த்தார், நோட்டிலும் எழுதிக்கொண்டார்.