நாணயமா இருக்கும் ஆச்சி

"சத்தம் வரலையே தம்பி" என்றார் அண்ணன். கையிலிருந்த கல்லை விரல் முட்டியால் மறுபடி தட்டினார். தரையில் பதிக்கிற சிமெண்ட் பூக்கல் அது. தண்ணீரில் நன்றாக ஊறினது 'ணங்' என்று பேசும். இது 'தொப்' என்றது. தண்ணீர்த் தொட்டியிலிருந்து மூன்றாம் நாளே எடுத்த கல். எங்கள் பட்டறைக் கணக்கு ஏழு நாள்.

கார்த்திகை மழையில் வேலை பின்தங்கிவிட்டது. தேவகோட்டை வீட்டுக்கு மொத்தம் 1,400 கல். கடைசி 200தான் இப்படி. தை முதல் முகூர்த்தத்தில் அவர்களுக்குப் புதுமனை. முதலாளி போனில் சொன்னது ஒரே வரி: "சொன்ன தேதிக்கு லோடு போயிடணும்ப்பா, நம்ம நாணயம் கெட்டுடக் கூடாது." அதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன். அவர் கல்லைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "நாணயம் தேதிக்கா தம்பி, கல்லுக்கா?"

நான் பதில் சொல்லவில்லை. வண்டியில் ஏற்றச் சொன்னேன்.

இரண்டு வருஷமாக அந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன். காசுக்கும் நேர்மைக்கும் தமிழில் ஒரே சொல். வடமொழி 'நாணக'த்திலிருந்து வந்தது, முதலில் காசைத்தான் குறித்தது என்கிறார்கள். காசு எப்படி மனுஷன் குணமாயிற்று? என் யோசனை இது: அந்தக் காலத்தில் வெள்ளிக்காசைச் சுண்டிப் பார்த்து, சத்தத்தை வைத்துத்தான் வாங்குவார்கள். மேலே அச்சு எப்படி இருந்தாலும் உள்ளே இருப்பதைச் சத்தம் சொல்லிவிடும். ஆளையும் அப்படிச் சுண்டிப் பார்த்திருப்பார்கள். மேடையில் சிலர் இதை 'நா நயம்' என்று பிரித்துக் காட்டுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. அன்றைக்கு என்னிடம் இருந்தது நாவின் நயம் மட்டும்தான்.

நேர்மை என்பது தனியாக இருக்கும்போதும் உண்டு. நாணயத்துக்கு எதிரே ஒரு ஆள் வேண்டும், ஒரு கொடுக்கல் வாங்கல் வேண்டும். பர்மாவரை போய் வட்டிக்கடை வைத்தவர்களின் ஊர் இது. இங்கே ஒருவனுக்குக் கடன் கொடுக்குமுன் விசாரிப்பது "ஆள் நாணயமா?" என்றுதான். அதற்குப் பொருள், சொன்ன தவணைக்குத் திருப்பித் தருவானா என்பது. அப்படிப் பார்த்தால் தேதிதான் நாணயம், முதலாளி சொன்னது சரி. ஆனால் "சரக்கு நாணயமா இருக்கு" என்றும் இதே ஊரில் சொல்கிறோம். அப்படிப் பார்த்தால் அண்ணன் சரி.

தேவகோட்டையில் லோடு இறங்கும்போது அந்த வீட்டு ஆச்சி முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்த கல் வெயிலில் பளபளவென்று இருந்தது, சிவப்பில் மஞ்சள் பூ. "சரக்கு நாணயமா இருக்கும்ல தம்பி?" என்று கேட்டார். "நாணயமா இருக்கும் ஆச்சி" என்றேன்.

இருக்கு என்று சொல்லவில்லை, இருக்கும் என்றேன். நம் ஊரில் 'இருக்கும்' என்றால் இனிமேல் இருக்கும் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இருக்கலாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். நான் பொய் சொல்லவில்லை என்று அன்று இரவு எனக்கே விளக்கிக்கொண்டேன். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகுகிறது. ஏழு நாளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வலு வரும். 28 நாள் வலுவை வைத்துத்தான் அதை மதிப்பிடுவார்கள். ஆக, ஏழு நாள் ஊறின கல்லும் பாதி வழியில் நிற்கிற கல்தானே? பதித்த பிறகும் ஈரம் காட்டினால் இறுகிக்கொண்டே போகுமே? கொத்தனாரிடம் "பத்து நாளைக்குத் தண்ணி தெளிங்க" என்று சொல்லிவிட்டும் வந்தேன்.

ஆனால் ஏன் என்று சொல்லவில்லை. அங்கேதான் மாட்டிக்கொள்கிறேன். "ஆச்சி, இந்த 200 கல் மூணு நாள்தான் ஊறியிருக்கு, ஒரு வாரம் கழிச்சுப் பதிக்கச் சொல்லுங்க" என்று சொல்ல அரை நிமிஷம் போதும். தேதியும் தப்பியிருக்காது, கல்லும் தப்பியிருக்கும். சொல்லியிருந்தால் லோடைத் திருப்பி அனுப்பியிருப்பார்களோ என்ற பயம், அவ்வளவுதான். முதலாளி என்னைப் பொய் சொல்லச் சொல்லவே இல்லை.

சரி, கல்தான் பெரிது என்று முடிவு செய்தேன். போன ஐப்பசியில் ஒரு லோடை நானே நிறுத்தி வைத்தேன். எட்டு நாள் தாமதம். அந்த வீட்டுக்காரர் பட்டறைக்கே வந்து, "வாக்கு நாணயம் இல்லாத இடம்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு முன்பணத்தை வாங்கிக்கொண்டு போனார். அவருக்கும் முகூர்த்தம் இருந்தது. அவர் சொன்னது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அண்ணன் பழைய விஷயத்தைப் பிறகு எடுத்ததே இல்லை. லோடு ஏறும்போது மட்டும் ஒரு கல்லை எடுத்து என் காதருகே தட்டிக் காட்டுவார். அப்புறம் வைத்துவிடுவார்.

இந்த வைகாசியில் தேவகோட்டை வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது, போனேன். அந்த 200 கல் இரண்டாம் கட்டில் பதித்திருந்தார்கள். தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து, கண்ணாடி மாதிரி வைத்திருந்தார்கள். ஒரு விரிசலும் கண்ணில் படவில்லை. செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்து ஒரு கல்லைத் தட்டினேன். பக்கத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது, எதுவும் கேட்கவில்லை. "என்ன தம்பி தேடுறீங்க?" என்று ஆச்சி கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.