69 சதவீதம் பேசும் தம்பி தங்கைகளுக்கு

கல்லூரி மேடையில தமிழ்நாட்டோட 69 சதவீத இடஒதுக்கீட்டுக்காக ஆவேசமா பேசுற பிள்ளைகளைப் பார்த்தா மனசு நிறையுது. ஆனா எதிரணி எழுந்து "அந்த 69 எப்படி வந்துச்சு?"ன்னு கேட்டா பலர் தடுமாறிடுறாங்க. வாட்ஸப் ஃபார்வர்டுல மொத்த எண் மட்டும்தானே வருது!

கணக்கு இதுதான்: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதியினர் 18, பழங்குடியினர் 1. அருந்ததியருக்கான 3 அந்த 18-க்குள்ளேயே வருது. தனியா கூட்டி 72-ன்னு சொல்லிடாதீங்க.

அடுத்த கேள்வி நிச்சயம் 50 சதவீத உச்சவரம்பு பத்தித்தான் இருக்கும். அதைச் சொன்னது உச்ச நீதிமன்றத்தோட 1992 இந்திரா சாஹ்னி தீர்ப்பு. 69-ஐக் காப்பாத்த தமிழ்நாடு 1993-ல தனிச் சட்டம் போட்டுச்சு. 1994-ல அரசியல் சாசனத்தோட 76-ஆவது திருத்தம் அதை ஒன்பதாவது அட்டவணையில, அதாவது சட்டங்களுக்கு நீதிமன்ற வழக்குல இருந்து பாதுகாப்பு தர்ற பட்டியல்ல சேர்த்துச்சு.

இங்கதான் பெரும்பாலானவங்க சறுக்குறாங்க. "அட்டவணையில இருக்கு, கோர்ட் தொடவே முடியாது"ன்னு முடிச்சிடுறாங்க. ஆனா உச்ச நீதிமன்றத்தோட 2007 கோயல்ஹோ தீர்ப்புப்படி, 24.4.1973-க்கு அப்புறம் சேர்த்த சட்டங்களை நீதிமன்றம் பரிசீலிக்கலாம். இதை எதிரணி சொல்றதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிட்டு, ஏன் 69 நியாயம்னு வாதாடுங்க. அந்த நேர்மைக்கே உங்க பேச்சுல கனம் கூடும்.

அப்புறம், 18 வயசு ஆனவங்க வாக்காளர் பட்டியல்ல பேர் சேர்க்க படிவம் 6 கொடுத்துடுங்க. ஹாஸ்டல்ல இருந்தா ஹாஸ்டல் முகவரி, வீட்டு முகவரி ரெண்டுல ஒண்ணுல மட்டும். ரெண்டு இடத்துல பதியறது குற்றம்.