நாவலில் காசு போகும் வழி

நாவல் படிக்கும்போது கதையோடு சேர்த்துக் காசு போகும் வழியையும் குறித்துக்கொண்டே போனால் என்ன தெரியும் என்று பார்க்க ஆசை வந்தது. காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். பகலெல்லாம் வரவு, பற்று. ராத்திரியில் நாவல். இரண்டையும் ஒரே நோட்டில் கொண்டுவரலாம் என்று தோன்றியது.

ஒவ்வொரு நாவலுக்கும் எதிரெதிராக இரண்டு பக்கம் ஒதுக்கினேன். இடப்பக்கத்தில், இந்தக் குடும்பத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, யார் உழைப்பில் வருகிறது. வலப்பக்கத்தில், அது யார் கைக்குப் போகிறது, யாருக்குப் போய்ச் சேரவே இல்லை. இன்னொரு நிபந்தனையும் வைத்துக்கொண்டேன். ஒரு நாவலை முடித்ததும் அடுத்தது வேறு மண்ணிலிருந்து, வேறு சமூகத்திலிருந்து, முடிந்தால் வேறு மொழியிலிருந்து வர வேண்டும். எவ்வளவு வேகமாகப் படித்தேன் என்பதைக் குறிக்கவே இல்லை. அது தேவையும் இல்லை.

ஆரம்பம் ப. சிங்காரம். சிங்கம்புணரிக்காரர், எங்கள் பக்கத்து மனிதர். 1920இல் பிறந்து, 1938இல் இந்தோனேசியாவில் உள்ள மேடானுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனவர். திரும்பி வந்தபின் மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். எழுதியது இரண்டே நாவல். இரண்டாவதான 'புயலிலே ஒரு தோணி' 1972இல்தான் புத்தகமாக வந்தது. தமிழின் மிகச் சிறந்த நாவல்களில் இது ஒன்று என்று எந்தச் சபையிலும் எழுந்து நின்று சொல்வேன்.

இதை நான் தனியாகப் படிக்கவில்லை. எதிர்வீட்டு ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன். ஆச்சிக்கு எண்பத்தைந்து தாண்டிவிட்டது, பார்வை மங்கல், காது மட்டும் கூர்மை. அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, பினாங்குக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் செய்ய, போனவர். விளக்கு வைத்த பிறகு முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து வாசிப்பேன். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வட்டிக்கடை ஆட்கள் கதைக்குள் வரும்போதெல்லாம் ஆச்சி கையைக் காட்டி நிறுத்துவார். வட்டிக்கடைகள் இருந்த கட்டடமான கிட்டங்கி எப்படி இருக்கும் என்று அவரே சொல்ல ஆரம்பிப்பார். நீளமான கூடம், ஆளுக்கொரு பெட்டி, பெட்டிக்கு முன்னால் சின்ன மேசை. பகலில் அங்கேதான் கொடுக்கல் வாங்கல், ராத்திரியில் அங்கேயே படுக்கை.

"நீங்க பாத்திருக்கீகளா ஆச்சி?" என்று கேட்டேன்.

"இல்லத்தா. அப்பச்சி சொல்லித்தான் தெரியும். பொம்பளையாளுகளக் கூட்டிட்டுப் போற வழக்கம் ஏது?"

இந்தப் பதிலையும் வலப்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். மூன்று வருடக் கணக்குக்குக் கப்பலேறிய ஆள், ஊரில் அவர் வரவுக்குக் காத்திருந்த வீடு. கடலுக்கு அப்பால் சேர்ந்த வட்டிதான் இங்கே தேக்குத் தூணாகவும் சலவைக்கல் தரையாகவும் நிற்கிறது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் தூணின் பளபளப்பைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்தத் தூணுக்கான காசு எப்படிப்பட்ட கூடத்தில், எப்படிப்பட்ட தனிமையில் சேர்ந்தது என்று பார்க்க இந்த நாவலைத்தான் படிக்க வேண்டும்.

கதை 1942இல் ஜப்பான் படை மேடானுக்குள் நுழைவதில் தொடங்குகிறது. வட்டிக்கடை வேலைக்கு வந்த பாண்டியன் போருக்குள் இழுபட்டு ராணுவ உடை போடுகிறான். ஆனால் என்னை அசைத்தது சண்டை இல்லை. மேடானில் நடந்துகொண்டே அவன் மனசுக்குள் மதுரைத் தெருக்களில் நடப்பான். சின்னமங்கலத்துச் சந்தையை, அங்கே விற்கிற பொருள்களை, விற்கிறவர்களின் குரல்களை ஒன்றுவிடாமல் நினைப்பான். அந்த நீண்ட வாக்கியங்களைச் சத்தமாக வாசித்தால்தான் அவற்றின் ஓட்டம் பிடிபடும். கண்ணால் மட்டும் படிக்கிறவர்களுக்குப் பாதிதான் கிடைக்கும் என்பது என் உறுதியான எண்ணம். புயலில் தோணி சிக்கும் அத்தியாயத்தை வாசித்த அன்று, இடையில் தண்ணீர் குடிக்கக்கூட ஆச்சி என்னை விடவில்லை.

ஜப்பானியர் மலாயாவில் புழக்கத்துக்கு விட்ட நோட்டில் வாழைமரம் அச்சிட்டிருக்கும். 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் அது வெறும் தாளாகிவிட்டது. அப்பச்சியின் பெட்டியில் அப்படிக் கட்டுக்கட்டாக இருந்ததாகவும், வளவில், அதாவது கூட்டுக்குடும்பம் வாழும் வீட்டின் உள்முற்றத்தில், வைத்துப் பிள்ளைகள் விளையாடியதாகவும் ஆச்சி சொன்னார். ஒரு மனிதனின் பல வருட உழைப்பு அது.

அடுத்து கன்னடம். விவேக் ஷான்பாக்கின் 'காச்சர் கோச்சர்'. தமிழில் கே. நல்லதம்பி மொழிபெயர்த்திருக்கிறார். ஒரு வாரயிறுதியில் முடித்துவிடக்கூடிய சின்னப் புத்தகம். படித்த பிறகு பல நாள் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. பெங்களூரில் ஒண்டுக்குடித்தனம் போன்ற சின்ன வீட்டில் எறும்புகளோடு போராடி வாழ்ந்த குடும்பம். சித்தப்பா தொடங்கிய மசாலாக் கம்பெனியால் திடீரென்று பணம் வருகிறது. சம்பாதிக்கிறவர் அவர் ஒருவர்தான். அதனால் அவருக்கு முதல் சாப்பாடு, முதல் மரியாதை. அவர் என்ன செய்தாலும் வீடே மறைத்து நிற்கிறது. ஒருநாள் ஒரு பெண் அவருக்குப் பிடித்த பருப்புக் குழம்பைச் செய்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறாள். அவளை அந்த வீட்டுப் பெண்கள் விரட்டும் காட்சி இருக்கிறதே, அதில் ஒருவர்கூடக் காசைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு வசவும் காசைக் காப்பாற்றத்தான். வலப்பக்கத்தில் "வாசலில் கொட்டிய குழம்பு" என்று மட்டும் எழுதினேன்.

மசாலாவில் எழுந்த குடும்பம் என்பதால் நம் ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் நெருக்கமாக இருக்கும். ஒரு கையின் சம்பாத்தியத்தில் ஒரு வளவு முழுக்க, ஒரு குடும்பமே நிற்கும்போது அந்தக் கையை யாரும் கேள்வி கேட்பதில்லை. இது பெங்களூரின் கதை மட்டும் இல்லை.

இமையத்தின் 'செல்லாத பணம்' அப்புறம். 2020க்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றது. அவருடைய 'கோவேறு கழுதைக'ளை முன்பே படித்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் வெளுத்துப் போட்டுவிட்டு, வீடுவீடாகச் சோறு எடுத்து வாழும் ஆரோக்கியத்தை மறக்கவே முடியாது. 'செல்லாத பணம்' இன்னொரு திசை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நடேசனின் மகள் ரேவதி, பொறியியல் படித்தவள், ஆட்டோ ஓட்டும் ரவியைக் கட்டிக்கொள்கிறாள். பிறகு தீக்காயத்தோடு ஜிப்மர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். குடும்பத்தாரிடம் பணம் இருக்கிறது, எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கத் தயார். அதை வைத்து எதுவும் செய்ய முடியவில்லை. தீக்காயப் பிரிவுக்கு வெளியே காத்திருப்பவர்களின் பேச்சு, பேச்சு, பேச்சு. வர்ணனைக்கே இமையம் நேரம் கொடுப்பதில்லை. அந்தப் பேச்சிலேயே நம்மை மூச்சு முட்ட வைத்துவிடுகிறார்.

ரவியின் குடும்பம் பர்மாவிலிருந்து அகதியாக வந்தது. இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பர்மா என்றால் எங்கள் ஊரில் தேக்கு, கவுனி அரிசி, பழைய பெருமை. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் கட்ட முடியாத உழவர்களின் நெல்வயல்கள் செட்டியார் வட்டிக்கடைகளின் கைக்கு வந்தன. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் ஆறு சதவீதமாக இருந்த செட்டியார் நிலம், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய கால் பங்காகிவிட்டது. அப்புறம் போர், அப்புறம் 1960களில் பர்மா அரசின் தேசியமயம். முதலாளிகளும் இழந்தார்கள்தான். ஆனால் அவர்களுக்குத் திரும்பி வர வீடு இருந்தது. கூலி வேலைக்கும் சின்ன வியாபாரத்துக்கும் போன ஆயிரக்கணக்கானவர்கள் கையில் ஒன்றும் இல்லாமல் கப்பலிறங்கினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் ஒருவன் ரவி. பெண் வீட்டார் அவனைப் பார்க்கும் பார்வையில் அந்த ஏற்றத்தாழ்வு முழுவதும் இருக்கிறது. சிங்காரத்தையும் இமையத்தையும் அடுத்தடுத்து படியுங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடல் கடந்த கதையின் இரண்டு கரையும் அப்போதுதான் தெரியும்.

சினுவா அச்சிபியின் 'சிதைவுகள்', 1958இல் வந்த நைஜீரிய நாவல், என்.கே. மகாலிங்கம் தமிழாக்கம். இதில் ரூபாயும் இல்லை, பவுனும் இல்லை. விதைக்கிழங்கும் சோழியும்தான் சொத்து. கதாநாயகன் ஒகொன்குவோவின் தகப்பன் உனோகா ஊரெல்லாம் கடன் வாங்கியவன். கடன்காரன் வந்து கேட்டால், சுவரில் சுண்ணாம்புக்கோடு கோடாக எழுதி வைத்திருக்கும் கடன்களைக் காட்டி, பெரிய கடனை முதலில் அடைக்கப் போகிறேன் என்கிறான். அவனும் கணக்கு வைத்திருக்கிறான் பாருங்கள்! அந்த அவமானத்திலிருந்து எழ நினைக்கும் மகன், ஊர்ப் பெரியவரிடம் போய் விதைக்கிழங்கு கேட்கிறான். எண்ணூறு கிடைக்கிறது, விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே அவனுக்கு என்ற பேச்சில். அந்த வருடம் பார்த்து மழை பொய்த்து, பிறகு பேய்மழையாகப் பெய்கிறது.

வானம் பார்த்த பூமியில் பிறந்தவர்களுக்கு அந்தப் பக்கங்களை விளக்கவே வேண்டாம். ஆச்சி அதைக் கேட்டுவிட்டு, "குத்தகைக்காரன் பாடு எங்கயும் ஒண்ணுதான்" என்றார். பின்னால் ஒகொன்குவோ ஊரைவிட்டு விலக்கப்பட்டு ஏழு வருடம் தாய்வழி ஊரில் இருக்கிறான். அவனுடைய கிழங்குகளை விற்று, சோழி மூட்டைகளைச் சுமக்கவைத்துக்கொண்டு நண்பன் ஒபியரிகா வந்து சேர்கிறான். நோட்டில் இதுவரை எழுதிய வரவுகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கேட்க நாதியில்லாத நண்பனின் காசைக் குறையாமல் கொண்டுவந்து கொடுக்கிற ஒரு மனிதன்.

சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யைப் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை, இன்னொரு முறை படித்த பிறகுதான் எழுத முடியும். உடம்பில் நகை, கையில் காசில்லை, வாசலைத் தாண்ட அனுமதி இல்லை. அப்படிப்பட்ட வீடுகளுக்குள் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை இவ்வளவு வெளிப்படையாக, இவ்வளவு பாசத்தோடு எழுதியவர் வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

கடைசியாக முடித்தது கொரிய எழுத்தாளர் ஹான் காங்கின் 'மரக்கறி', சமயவேல் மொழிபெயர்ப்பு. ஆசிரியருக்கு 2024இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு பெண் இறைச்சி சாப்பிடுவதை நிறுத்துகிறாள், அவ்வளவுதான். குடும்பம் கூடிய விருந்தில் அப்பாவே அவளை அறைந்து வாயில் இறைச்சியைத் திணிக்கிறார். விருந்து என்றால் இலை நிறையப் பரிமாறி, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்துவதை அன்பு என்று நினைக்கும் ஊரில் இருந்துகொண்டு இதைப் படித்தது எனக்கு லேசாக இல்லை. ஆச்சிக்குச் சுருக்கமாகச் சொன்னேன். "வேணாங்கிற பிள்ளைய ஏன் படுத்துறாக?" என்று கோபமாகக் கேட்டார்.

காசு விஷயம் இந்த நாவலில் மறைந்தே இருக்கிறது. மூன்றாம் பகுதியில்தான் அக்கா முன்னால் வருகிறாள். அழகுசாதனக் கடை நடத்திச் சம்பாதித்து, வீடியோ எடுக்கும் கணவனைச் சுமந்து, பிள்ளையை வளர்த்து, தங்கையின் ஆஸ்பத்திரிக்கும் அவள்தான் ஓடுகிறாள். எல்லாரும் தங்கையைப் பற்றியே பேசுகிறார்கள். நான் அந்த அக்காவுக்காகத்தான் அழுதேன். இரண்டு பக்கமும் அவள் பெயரையே எழுதும்படி ஆயிற்று.

அடுத்து ஜோ டி குருஸின் 'கொற்கை' என்று முடிவு செய்திருக்கிறேன். 2013இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது, தூத்துக்குடிக் கடற்கரையையும் பரதவர் வாழ்வையும் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிற பெரிய நாவல். வட்டிக்குக் கொடுத்தவர்களின் கரையிலிருந்து பார்த்தாயிற்று. தோணியின் சொந்தக்காரர்கள், அதை ஓட்டியவர்கள் பக்கக் கணக்கு எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். நூலகத்தில் அந்தப் புத்தகம் வேறொருவரிடம் இருக்கிறது. வந்ததும் எனக்கு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.